தேதி மட்டும் மாறும் கடிதம்

ரோகினி ஒவ்வொரு மாதக் கடைசியிலும் என் கடைக்கு வந்து தன் வேலை விலகல் கடிதத்தை அச்சடித்துக்கொண்டு போவாள். மலேசியாவில், ரந்தாவ் என்ற சின்ன ஊரில் கைப்பேசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ஓரமாக ஒரு கணினியும் அச்சுப்பொறியும் உண்டு. கடிதம் அந்தக் கணினியிலேயே கிடக்கிறது. நாலே வரி. தேதியை மட்டும் மாற்றிக் கொடுப்பேன். பதினேழு மாதமாக இதுதான் நடக்கிறது. ஒரு தடவைகூட அவள் அதை அனுப்பியதில்லை.

கேட்கிறவர்கள் அவளுக்குக் கிறுக்கு என்பார்கள். கிறுக்கெல்லாம் இல்லை. அவள் மாட்டிக்கொண்டதில் எனக்கும் பங்கு இருக்கிறது, அதனால் நான்தான் சொல்ல வேண்டும். என் பெயர் சத்தியசீலன்.

ரோகினி முன்பு தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியை. அந்த வேலை முடிந்த பிறகு, கைப்பேசியில் பாடம் நடத்தும் ஒரு கோலாலம்பூர் நிறுவனத்தில் சேர்ந்தாள். வேலையின் பெயர் ‘கற்றல் ஒருங்கிணைப்பாளர்’. லிங்கி, ரந்தாவ், போர்டிக்சன் பக்கத்துத் தோட்டங்களில் செயலியை வைத்திருக்கும் பிள்ளைகள் எல்லாம் அவள் பொறுப்பு. ஒவ்வொரு பிள்ளைக்கும் அவளுடைய திரையில் ஒரு புள்ளி. அன்றைக்குப் பாடம் செய்தால் பச்சை, ஒரு நாள் விட்டால் மஞ்சள், மூன்று நாள் விட்டால் சிவப்பு. காலை எட்டு மணிக்குக் கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லோரும் கூட்டத்தில் உட்கார வேண்டும். “குட் மார்னிங் ஃபேமிலி!” என்று ஆரம்பிப்பார்கள். அடுத்த வாக்கியமே, யாரிடம் எத்தனை சிவப்பு என்பதுதான். குடும்பமாம், குடும்பம்!

கூட்டம் முடிந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சிவப்பைத் தேடிப் போவாள். பிள்ளைக்குக் காய்ச்சலா, டேட்டா தீர்ந்துவிட்டதா, அப்பா போனை வேலைக்கு எடுத்துப் போய்விட்டாரா என்று வீடு வீடாக விசாரிப்பாள். பாடம் சொல்லிக் கொடுக்கிற வேலை என்று நம்பிச் சேர்ந்தவள், புள்ளிக்குச் சாயம் அடிக்கிறவள் ஆகிவிட்டாள். தைப்பூசத்தன்று காவடிக் கூட்டத்துக்கு நடுவில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, “ரெண்டு நிமிஷம் போதும்கா, பிள்ளைய ஒரு பாடம் செய்யச் சொல்லுங்க” என்று போனில் கெஞ்சியவள் அவள். நான் கிண்டல் பண்ணினேன். அவள் சிரிக்கவில்லை.

லிங்கிப் பக்கம், எண்ணெய்க்குக் குலை வெட்டும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அடுத்தடுத்த வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டு பேருக்கும் பத்து வயது. ஒருத்தி மயிலம்மாளின் மகள் ரதி. இன்னொருத்தி குமுதவல்லியின் மகள் கவிமலர். ரதி பள்ளிக்குப் போகிறாள். கவிமலர் போவதில்லை. குமுதவல்லிக்கே அடையாள அட்டை கிடையாது. தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டியதோடு சரி, திருமணம் பதிவாகவில்லை. அதனால் பிள்ளைக்கும் பிறப்புப் பத்திரம் முதல் எதுவும் இல்லை, பள்ளியில் சேர்க்கவில்லை. பதிவு அலுவலகத்தில் மனு போட்டு மூன்று வருடமாகிறது. எப்போது கேட்டாலும் ‘பரிசீலனையில்’ என்பதுதான் பதில்.

செயலியில் ஒரு பிள்ளையைச் சேர்க்க அடையாள எண் வேண்டும். பன்னிரண்டு எண்களையும் தட்டாமல் படிவம் அடுத்த பக்கத்துக்கு நகராது. ரதி பாடம் செய்யும் போனை, மயிலம்மாளின் கீறல் விழுந்த போனை, ரோகினி என் கடைக்குக் கொண்டுவந்து, “கவிமலரயும் எப்படியாச்சும் சேர்க்க முடியுமா அண்ணே?” என்று கேட்டாள். நானும் தட்டித் தட்டிப் பார்த்தேன், நடக்கவில்லை.

“ரதி பேர்லயே ரெண்டு பேரும் படிக்கட்டும் லா. யாருக்குத் தெரியப் போவுது?” என்றேன்.

தோட்டத்தில் அம்மியிலிருந்து மோட்டார் வரை எல்லாமே இரண்டு வீட்டுக்குப் பொதுதான். ஒரு பெயரைப் பொதுவாக வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது. நாங்கள் செய்த ஒரே தப்பு, அந்தப் பிள்ளை இவ்வளவு நன்றாகப் படிக்கும் என்று நினைக்காததுதான்.

ரதிக்குப் பத்து நிமிடத்தில் கொட்டாவி வந்துவிடும். போன் கவிமலர் கைக்குப் போகும். அவளுக்கு வேறு பள்ளி ஏது? நான்காம் ஆண்டுக் கணிதத்தை மூன்று மாதத்தில் முடித்தாள், ஐந்தாம் ஆண்டுக்குப் போனாள். ரதியின் புள்ளி ஒரு நாள்கூட மஞ்சளாகவில்லை. மாதக் கடைசியில், ‘மாணவரை நேரில் பார்த்து உறுதி செய்தேன்’ என்ற கட்டத்தில் ரோகினி குறி போடுவாள். போட்டுவிட்டு என் கடைக்கு வந்து தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். விலகல் கடிதம் அப்போதுதான் ஆரம்பித்தது. பொய்க்குறி போட அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவள் விலகினால் வருகிற புது ஆள் வீட்டுக்கு வந்து பார்ப்பான், கணக்கை முடக்குவான், கவிமலருக்குப் படிப்பு அன்றோடு சரி. அதனால் கடிதம் கைப்பையிலேயே இருந்துவிடும்.

போன பள்ளி விடுமுறைக்கு முன்னால் ஒரு காலை, கூட்டத்தில் மேலாளர் சுகுமாறன் கை தட்டினார். மாநிலத்திலேயே கணிதத்தில் முதல் மாணவி ரதியாம். தோட்டத்துப் பிள்ளை! அடுத்த செவ்வாய்க்கிழமை நிறுவனத்தின் விளம்பரத்துக்குப் படம் எடுக்க வருகிறார்களாம்.

ரோகினி என் கடையில் இருந்துதான் அவரைக் கூப்பிட்டாள். ஒலிபெருக்கியில் போட்டாள்.

“சார், அந்தப் பிள்ளை ரொம்ப கூச்சப்படும்.”

“கூச்சம்தான் ரோகினி வேணும். அதான் நேச்சுரலா இருக்கும்.”

“சார், சும்மா கேக்குறேன். ஒரே கணக்குல ரெண்டு பிள்ளைங்க படிச்சா என்ன ஆகும்?”



“கணக்கு முடங்கிடும். அந்தத் தோட்டத்துல இருக்கிற எல்லாப் பிள்ளைங்களோட பத்திரத்தையும் திரும்பச் சரிபார்ப்போம். ஏன், உங்க ஏரியாவுல அப்படி இருக்கா?”

“இல்ல சார்.”

போனை வைத்துவிட்டு, “சொல்லியிருந்தா என்ன அண்ணே, கொன்னா போட்டுடுவாங்க?” என்று என்னையே கேட்டாள். யோசனை சொன்ன வாய் அன்றைக்கு அடைத்துப் போயிருந்தது.

அந்த வாரம் முழுக்க ரதிக்குப் பயிற்சி. படத்தில் கேட்கப் போகும் ஐந்து கணக்கையும் சுகுமாறன் முன்கூட்டியே அனுப்பியிருந்தார். சொல்லிக் கொடுத்தது ரோகினி இல்லை, கவிமலர். சாயங்காலமானால் ரதியை உட்காரவைத்து விரலை மடக்கச் சொல்லி, “இப்ப நீயே சொல்லு” என்பாளாம். ரதி மூன்றைச் சரியாகச் சொல்வாள், இரண்டில் அழுவாள்.

செவ்வாய்க்கிழமை நானும் போனேன். ரோகினி தனியாக நிற்பாளே என்று போனேன். இரண்டு வண்டிகளில் ஆறு பேர் வந்திறங்கினார்கள். ரதிக்குப் புதுச் சட்டை போட்டு, பளபளப்பான டேப்லெட் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒருவர் லயத்து வீட்டு வரிசையெல்லாம் சுற்றினார். படத்தில் மகளின் முகம் விழுந்துவிடுமோ என்று குமுதவல்லிக்குப் பயம். விழுந்தால் யாராவது யார் இவள் என்று கேட்பார்கள், பத்திரத்தைக் காட்டச் சொல்வார்கள். ரோகினி கவிமலரை அவள் வீட்டுக்குள்ளே உட்காரவைத்து, சன்னலைச் சாத்தி, வெளியே பூட்டுப் போட்டாள். சாவியைத் தன் கைப்பையில், அந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது.

கேமரா ஓடியது. முதல் கணக்கை ரதி ஒப்பித்தாள். இயக்குநர் உதட்டைப் பிதுக்கினார்.

“மனப்பாடம் மாதிரி இருக்கு. புதுசா ஒண்ணு கேளுங்க. எஸ்டேட் சம்பந்தமா.”

சுகுமாறன் யோசித்து, ஒரு லாரியில் முப்பத்தாறு குலை, ஐந்து லாரி, அதில் பதினைந்து குலை பழுக்கவில்லை என்று ஆலையில் திருப்பிவிட்டால் மீதி எத்தனை என்று கேட்டார்.

ரதி விரலை மடக்கினாள். பிறகு பூட்டிய கதவைப் பார்த்தாள். மறுபடி மறுபடி அந்தக் கதவைத்தான் பார்த்தாள். ரோகினி நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். எல்லாம் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

“பரவால்ல, வெயில்ல பிள்ளை பயந்துடுச்சு” என்றார் சுகுமாறன். குனிந்து, “நூத்தி அறுபத்தஞ்சுன்னு சொல்லும்மா. சிரிச்சிக்கிட்டே சொல்லு” என்றார்.

ரதி சிரித்துக்கொண்டே சொன்னாள். எல்லோரும் கை தட்டினார்கள். ஊரை ஏமாற்றுகிறோமே என்று நாங்கள் ஒரு வாரமாகத் தூங்கவில்லை. அவர்களோ அரை நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். டேப்லெட்டைத் திரும்ப வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

வண்டிகளின் தூசி அடங்கும்வரை ரோகினி காத்திருந்தாள். பிறகு போய்ப் பூட்டைத் திறந்தாள். கவிமலர் கதவுக்குப் பக்கத்திலேயே, வியர்த்து ஊறிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

“என்னா கணக்கு கேட்டாங்கக்கா? இங்க சரியாவே கேக்கல.”

ரோகினி சொன்னாள். முழுசாகச் சொல்லி முடிக்கவில்லை.

“நூத்தி அறுபத்தஞ்சு” என்றாள் கவிமலர். “ஆனா ஒரு லாரிக்கு முப்பத்தாறு குலதானா? எங்கம்மா ஒரு காலையில அதுக்கு மேல ஏத்துது. யாருக்கா இந்தக் கணக்கப் போட்டது?”

நான் சிரித்துவிட்டேன். ரோகினிக்குச் சிரிப்பு வரவில்லை.

“ரதி சரியா சொல்லிட்டாளா?”

“சொல்லிட்டா.”

“அப்ப நம்ம பச்ச போவாதுல்ல?”

ரோகினி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. படம் நன்றாக வரவில்லையோ என்று ரதியைப் போய்க் கேட்டது.

படம் வந்தது, லட்சம் பேர் பார்த்தார்கள். ரதி இப்போது மளிகைக் கடைக்குப் போவதில்லை. போனால் யாராவது கணக்குக் கேட்கிறார்கள். ரோகினிக்கு மாநில ஒருங்கிணைப்பாளர் பதவி தருகிறேன் என்றார் சுகுமாறன். வேண்டாம் என்றாள். மேலே போனாலும் அந்தத் தோட்டம் வேறு ஆளின் கைக்குப் போய்விடும். உங்களுக்கு முன்னேறும் ஆசையே இல்லை என்று அவர் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும் சொன்னார். கேமரா திறந்திருந்ததால் அவள் சிரித்த முகமாகவே உட்கார்ந்திருந்தாள்.

போன மாதக் கடைசியில் வழக்கம்போல வந்தாள். குமுதவல்லியின் மனு இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது என்றாள். எனக்கு அலுத்துப்போயிருந்தது. மாதா மாதம் எதற்கு அலைய வேண்டும் என்று, தேதி இருக்கும் இடத்தை வெறுமையாக விட்டு அச்சடித்துக் கொடுத்தேன். “என்னிக்குத் தேவையோ அன்னிக்கு நீயே எழுதிக்க” என்றேன்.

அவள் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நான் போகவே மாட்டேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா அண்ணே?”

எனக்கு வெட்கமாகிவிட்டது. காகிதத்தை வாங்கிக் கிழித்துப் போட்டேன். கணினி முன்னால் உட்கார்ந்து, அடுத்த மாதம் முதல் தேதியைத் தட்டி, மறுபடி அச்சடித்துக் கொடுத்தேன்.