ஆட்டுக்கிடைக்குள்ள படிச்ச பரப்பளவு

இன்னைக்குக் காலையில எந்திரிச்சதும் மொத வேலையா வீட்டைக் கூட்டுனேன். கூட்டுனேன்னு சொல்றதை விட மல்லுக்கட்டுனேன்னு சொல்லலாம். தெர்மாகோல் உருண்டை... துடைப்பத்துல ஒட்டுது, கால்ல ஒட்டுது, காபி டம்ளருக்குள்ள மிதக்குது.

எல்லாம் பள்ளிக்கூடத்து மாடலுக்காக நேத்து முழுக்க நான் உக்காந்து வெட்டுன வீடு, தோட்டம், வேலி. திங்கக்கிழமை எங்க பள்ளிக்கூடத்தைப் பார்வையிட அதிகாரிக வர்றாங்க. அஞ்சாம் வகுப்புக்குப் பரப்பளவு, சுற்றளவுன்னு ஒரு மேசை. அதுல இருக்குறது எல்லாம் பிள்ளைக செஞ்சதா இருக்கணுமாம். பிள்ளைக கையே படாம, பிள்ளைக செஞ்சது!

கூட்டிக்கிட்டு இருக்கும்போதே எனக்கு ஆட்டுப்புழுக்கை வாசம் ஞாபகத்துக்கு வந்துச்சு. சிரிக்காதீங்க...

நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. உத்தரகோசமங்கைக்குப் பக்கத்துல சின்ன ஊரு. ஓட்டுக் கட்டடம், ஒட்டினாப்புல வயல். அறுப்பு முடிஞ்சா அங்கன கிடை போடுவாங்க. ராத்திரி ஆடுகளைப் படல் வேலிக்குள்ள அடைச்சு வச்சா வயலுக்கு உரமாச்சே. காத்து திரும்புச்சுன்னா கரும்பலகை வரைக்கும் அந்த வாசம் வரும்.

அந்தப் பிள்ளைகளுக்கு சூத்திரம் அத்துப்படி. "நீளம் பெருக்கல் அகலம்"னு ராகம் போட்டுச் சொல்லுவாங்க. "சரி, மிளகாத் தோட்டத்துக்கு வேலி போட எதைக் கண்டுபிடிக்கணும்?"னு கேட்டா ராகம் நின்னுரும்.

ஒருநாள் புத்தகத்தை மூடிட்டு, தண்ணி இறைக்கிற கயித்தோட எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போனேன். பன்னெண்டு மீட்டர் அளந்து ரெண்டு நுனியையும் முடிஞ்சோம். நாலு பேர் மூலைக்கு ஒருத்தரா கயித்தைப் பிடிச்சுக்கணும். அதுதான் படல். மத்தவங்க எல்லாம் ஆடு.

"டீச்சர், நான் ஆடா இருக்க மாட்டேன். கிடாயாத்தான் இருப்பேன்"னு பாண்டி மொரண்டு பிடிச்சான்.

"கிடாய்னா கோயிலுக்கு வெட்டிருவாகலே, பரவாயில்லையா?"ன்னா வள்ளி.

பாண்டி பேசாம ஆடாயிட்டான்.

மொதல்ல நீளம் அஞ்சு மீட்டர், அகலம் ஒண்ணு. ஆடுக சம்மணம் போட்டு உக்காரணும். இடிச்சுப் பிடிச்சும் ஆறேழு ஆட்டுக்கு எடம் இல்ல, வெளிய நின்னு மே மேன்னு ஒரே கத்து. அப்புறம் அதே கயித்தை மூணுக்கு மூணா விரிச்சோம். அத்தனை ஆடும் உள்ள போயிருச்சு. இன்னும் எடம் கெடக்கு!

"ஏலே, கயிறு வளந்துருச்சாலே?"ன்னான் மூலையைப் பிடிச்சிருந்த ஒருத்தன்.

"பாண்டிதான் டீச்சர் இழுத்து விட்டுட்டான்!"

"நான் ஆடுல்ல? ஆடு எப்பிடிலே கயித்தை இழுக்கும்?"

அவங்களே முடிச்சை அவுத்து மறுபடி அளந்தாங்க. அதே பன்னெண்டு. வள்ளிதான் மெதுவா சொன்னா... "கயிறு வளரல டீச்சர். சுத்தி வாரது அதேதான். உள்ள கெடக்குற எடந்தான் கூடிருச்சு."

சுற்றளவுக்கும் பரப்பளவுக்கும் உள்ள வித்தியாசத்தை அதுக்கு மேல நான் என்ன சொல்லிக் கொடுக்க? பேசாம பெல் அடிச்சுட்டு வீட்டுக்கு அனுப்பிட்டேன்.

இப்ப நான் இருக்குறது ஆர்.எஸ்.மங்கலம் பக்கம். போன வாரம் அதே விளையாட்டை இங்கயும் வச்சேன். என் வகுப்புல மலர்னு ஒரு பிள்ளை. அவ அய்யா, அதான் அப்பா, ஆட்டுமந்தை வச்சிருக்கார். வகுப்புல அவ குரலை நான் கேட்டதே இல்ல. அன்னைக்கு என்னடான்னா, "இங்கன வாலே, மூலைய விரிச்சுப் பிடி, இப்பிடிப் பிடிச்சா குட்டிக நசுங்கிரும்"னு மொத்த வகுப்பையும் விரட்டுறா! எனக்குச் சிரிப்பு தாங்கல.

சத்தம் கேட்டு எங்க ஹெச்.எம். சார் வெளிய வந்தார்.

"என்ன டீச்சர் இது? பிள்ளைகளை இப்பிடி அடைச்சு வச்சிருக்கீங்க? யாராச்சும் வீடியோ எடுத்துப் போட்டா என்ன ஆகும்? இதுக என்ன, ஆடு மேய்க்கவா பள்ளிக்கூடத்துக்கு வருதுக? உள்ள கூட்டிட்டுப் போங்க. மாடல் ரெடி பண்ணுங்க."

மலர் கையில இருந்த கயித்தைக் கீழ விட்டுட்டா. அன்னைக்கோட சரி, மறுபடியும் அவ வாயே தொறக்கல.

வீடியோவுக்குப் பயந்து சொன்னார், அதைக்கூட விட்டுரலாம். அந்த 'ஆடு மேய்க்கவா'... அதைத்தான் என்னால முழுங்க முடியல. அவ அய்யா ஆடு மேய்ச்சுத்தானே அவளைப் படிக்க அனுப்புறார்? அது கேவலம்னு ஒரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துட்டு, அப்புறம் என்ன கணக்குப் பாடம்? மாடல்ல ஒட்டப் பரமக்குடி கடையில வாங்கின பச்சைப் பேப்பர் புல்லுல எந்த ஆடு படுக்கும்?

இதோட முடியல. வெள்ளிக்கிழமை மீட்டிங்ல சொல்றார், "நல்லாப் பேசுற பிள்ளைகளை மாடல்கிட்ட நிறுத்துங்க. அந்த மலர் வாசல்ல சந்தனத் தட்டு பிடிக்கட்டும்"னு. எனக்குக் காதெல்லாம் சூடாயிருச்சு. ஆனாலும் வீட்டுக்கு வந்து தெர்மாகோல் வெட்டத்தான் செஞ்சேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்துல எங்களுக்கு ஒரு கயிறு போதுமா இருந்துச்சு. பிள்ளைக்குப் புரிஞ்சுதான்னு மட்டும்தான் பாத்தோம், யாரும் போட்டோ கேக்கல. இப்ப பிள்ளைக்குப் புரிஞ்சுதான்னு யாருமே கேக்குறதில்ல.

இந்தக் குரூப்புல எங்க ஸ்கூல் ஆளுக யாரும் இல்லேங்கிற தைரியத்துல எழுதுறேன். வீட்டுல கூட இன்னும் சொல்லல. திங்கக்கிழமை என் வகுப்புக்கு மேசை கிடையாது. வர்றவங்களை நேரா மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போகப் போறேன். அதுக்கு முன்னாடி மலர்கிட்ட சம்மதமான்னு கேக்கணும். அவ மட்டும் சரின்னு தலையாட்டிட்டா, அத்தனை பேருக்கும் முன்னாடி நின்னு அவதான் சொல்லுவா...

"சார், நீங்கதான் ஆடு. உள்ள போய் உக்காருங்க."