உறைக்குள் இருந்த முகங்கள்

பெங்களூரில் ஒரு தமிழ்ப் பத்திரிகை அலுவலகம். பழைய புகைப்படங்களை வகைப்படுத்தி உறைகளில் போட்டு வைப்பது மைமூனின் வேலை. 1993-இல் ஆசிரியர் குழு ‘தீவிரவாதம்’ என்று புதிதாக ஓர் உறை கேட்டது. அவள்தான் அதை எழுதி ஒட்டினாள். உள்ளே போடப் படம் இல்லை. காலி உறை ஆபீசுக்கு அழகா? ‘ரம்ஜான்’ உறையிலிருந்த தொழுகைப் படங்களில் பாதியை அதில் மாற்றச் சொன்னார்கள். மறுத்தால் வேலை போய்விடும் என்று பயந்து, முகம் பார்க்காமல் கத்தையாக எடுத்துப் போட்டாள்.

ஏழு வருடம் கழித்து ஒரு மாலை, வெளியூரில் குண்டு வெடித்த செய்தி வந்தது. துணையாசிரியர் வெங்கி அவள் மேஜைக்கு வந்தார்.

“மேடம், அந்தத் தீவிரவாதம் கவர் குடுங்க. தொப்பி தெரியற மாதிரி ஏதாவது ஒண்ணு போதும்.”

உறையைத் திறந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே அவளைப் பெற்ற அத்தா, ஈத்கா தொழுகை மைதானத்தில் கண்மூடிக் கையேந்தி நின்றார். படத்தைச் சட்டென்று கவிழ்த்து வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்து நீட்டினாள். இப்போதும் முகம் பார்க்கவில்லை.

மறுநாள் காலை, ஆஸ்டின் டவுன் வீட்டில் அத்தா பேப்பரைக் கண்ணருகே வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டார்.

“இது நம்ம தையக்கடை காதர்தானேம்மா? இத்தன வருஷமா பக்கத்துல நின்னு தொழுதேன், தெரியாமப் போச்சே. அவனத் தெரியும்னு யார்கிட்டயும் சொல்லிடாத.”