கடைசிக் கிரகத்துக்கும் ஒரு சுற்று

கொள்ளுச் சுண்டல் தாளிக்கும் வாசம் வந்தால், இன்றைக்கும் எனக்குப் புளூட்டோ ஞாபகம்தான் வரும்.

நான் ஐந்தாவது படித்தபோது, குன்னூருக்குக் கீழே எங்கள் எஸ்டேட் பள்ளி ஆண்டு விழாவில், பிள்ளைகளையே கிரகங்களாக நிறுத்திக் காட்டப்போவதாகச் சாரதா டீச்சர் சொன்னார். மைதானத்தின் நடுவில் சூரியனாக ஒரு "பெட்ரமாஸ்" விளக்கு, அதைச் சுற்றி ஒன்பது பேர், எல்லோருக்கும் கடைசியாக, மைதானம் முடிந்து தேயிலைச் செடி தொடங்கும் இடத்தில், புளூட்டோவாக நான். அங்கே நின்றால் அம்மா கண்ணுக்குக்கூடத் தெரியமாட்டேனே என்று எனக்கு அழுகை முட்டியது. ஒத்திகையில் இடுப்பில் சைக்கிள் டயர் மாட்டிச் சனியாக நின்ற செல்வன் வேறு, "ஏய் புளூட்டோ, பாத்து நில்லு, காட்டெருமை முட்டிரப்போவுது" என்று சீண்டினான்.

அம்மாவோ பூரித்துப்போயிருந்தாள். ஒன்பதாவது கிரகம் என்றால் அவளுக்குக் கேது பகவான்தான். கேதுவுக்குப் பலவண்ணத் துணிதான் உகந்தது என்று, கொழுந்து பறித்து வந்த களைப்போடு வாரம் முழுக்க ஒட்டுத்துணி சேர்த்து எனக்குப் பாவாடை தைத்தாள். படையலுக்குக் கொள்ளும் வேகவைத்தாள். புளூட்டோ இருட்டாக இருக்குமாம் என்றதற்கு, "சாமிக்கு என்ன கலருன்னு எனக்குத் தெரியாதா கண்ணு" என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

விழாவன்று நாங்கள் சுற்றத் தொடங்கியதுமே மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கிவிட்டது. விளக்கு மின்மினியாய்ச் சிறுத்தது, ஆட்கள் மறைந்தார்கள், குரல் மட்டும் கேட்டது.

"ஏனுங்க டீச்சர், ஒம்பதாவது கெரகம் எங்கீங்க?" அம்மாதான்.

"அது ரொம்பத் தூரமுங்க, கண்ணுக்கே தெரியாது."

"ஒண்ணை உட்டுப்போட்டுச் சுத்துனா எப்படீங்க?"

சற்று நேரத்தில் பனிக்குள்ளிருந்து அம்மா வந்தாள், வெறுங்காலோடு, கைகூப்பியபடி. பின்னால் எங்கள் லயன் வீட்டு வரிசைப் பெண்கள் அத்தனை பேரும். எங்கள் ஒன்பது பேரையும் உள்ளே வைத்து அவர்கள் சுற்றிவர, நான் கடைசியில் நின்றதால்தான் எல்லோரும் என்னை உரசிக்கொண்டு போனார்கள்; ஒவ்வொரு சுற்றுக்கும் அம்மா மடியிலிருந்து சுண்டலை எடுத்து என் வாயில் திணித்தாள். சுற்றி முடித்த ஒருத்தி செல்வன் காலில் விழுந்து, "எங்க ஊட்டுப் பக்கம் பாத்துராத சாமி" என்றதும், அவன் டயரைக் கழற்றிப் போட்டுவிட்டு, "அக்கா, நான் செல்வனுங்க" என்று அலறினான். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்த டீச்சரும், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கடைசிச் சுற்றில் சேர்ந்துகொண்டார்.

அம்மா போய்ச் சேர்ந்து வருடங்களாகிவிட்டன. பள்ளியும் இல்லை, மைதானத்தில் இப்போது தேயிலை நிற்கிறது. "புளூட்டோவைக் கிரகத்துல சேக்க மாட்டாங்களாம்மா, அது குள்ளக் கோளாம், அதாட்டம் அங்க இன்னும் நெறைய இருக்குதாம்" என்று என் மகள் ஒருநாள் பள்ளியிலிருந்து வந்து சொன்னபோது, எனக்கு மனசே கேட்கவில்லை. அன்றுமுதல் சனிக்கிழமைதோறும் நவக்கிரகத்தை ஒன்பது சுற்று முடித்து, இன்னும் ஒன்று சுற்றுகிறேன்.

"எண்ணிக்கை தப்பிருச்சுங்களாம்மா?" என்று குருக்கள் கேட்டார்.

"இல்லீங்க சாமி, வெளியில இன்னும் ஆள் நிக்குதுங்க" என்றேன்.