அமுங்கியே கிடந்த பட்டன்

இடது கை மணிக்கட்டோடு, தகடு அடிக்கும் பவர் பிரஸ்ஸில் போன பிறகு, என்னை ஸ்டோர்ஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். கருணையெல்லாம் இல்லை. ஷாக் அடிக்கும் என்று வேறு எவனும் அதைத் தொடவில்லை, அவ்வளவுதான். எனக்குப் போவதற்கு இன்னொரு கைதானே இருந்தது!

உதிரி பாகங்களின் பட்டியலைத் திருத்த, இடது ஓரத்தில் ஒரு பட்டனை அமுக்கிக்கொண்டே வலது ஓரத்து எண்களைத் தட்ட வேண்டும். ஒரு கைக்கு எட்டாத தூரம். ஆனால் அந்த மெஷினில் அந்தப் பட்டனை ஒருமுறை அமுக்கினால் அமுங்கியே கிடக்கும். மறுபடி அமுக்கினால்தான் எழும்பும். எந்தப் புண்ணியவான் யோசித்தானோ, என் வீட்டில் அடுப்பு எரிந்தது அவனால்தான்.

ஒருநாள் மெட்ராஸிலிருந்து வந்த சர்வீஸ்காரர் தூசி ஊதிக்கொண்டே சொன்னார்: "இந்த மாடல நிறுத்தப் போறாங்க. புதுசுல அந்த பட்டன் நிக்காது. புடிச்சிகினே இருக்கணும்."

அன்றிலிருந்து மெஷின் பக்கம் டீ டம்ளரோடு வந்தவனையெல்லாம் விரட்டினேன். இது செத்தால் நானும் ஊரில், வடக்குப்பட்டில், வீட்டோடு கிடக்க வேண்டியதுதான். மொண்ணைக் கையால் அமுக்கிப் பார்த்தேன். நாலு பட்டன் சேர்ந்து இறங்கியது.

அந்த நேரம் பார்த்து, கம்ப்யூட்டர் செய்கிற கம்பெனியே ஒரு படிவம் அனுப்பியது. அடுத்த மெஷினில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். விடுவேனா? என் கையைப் பற்றி ஒளிக்காமல் எழுதி, அந்தப் பட்டனை மட்டும் எடுத்துவிடாதீர்கள் என்று கெஞ்சியிருந்தேன். மேனேஜர் கையெழுத்து வேண்டுமென்று அவரிடமே கொண்டுபோய் நீட்டினேன், மடையன்.

இரண்டு தடவை படித்தார். "அப்போ புது மெஷின் வந்தா உன்னால ஓட்ட முடியாதா?"

"கஷ்டம் சார்."

"நல்ல வேளை, இப்பவே சொன்ன."

மறு வாரமே வாலாஜாபாத்திலிருந்து டைப்பிங் படித்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அவருக்கு எல்லாம் கற்றுக்கொடுத்துவிட்டு, நான் கேட்டில் லாரி நம்பர் எழுதப் போனேன்.

"மெஷின் செய்றவன் உன் கையப் பாத்தா செய்வான்? யாரு கேட்டா உன்ன? நீயா போயி வாயக் குடுத்துட்டு வந்து நிக்கிற!" என்று அழுதாள் மனைவி.

புது மெஷின் வந்தது. எல்லோரும் டீக்குப் போயிருந்தபோது உள்ளே நுழைந்து பார்த்தேன். அந்தப் பட்டன் இடது ஓரத்தில் ஒன்று, வலது பக்கம், எண்களை ஒட்டியே, இன்னொன்று. கட்டை விரலால் அதை அமுக்கிக்கொண்டு நடுவிரலால் ஓர் எண்ணைத் தட்டினேன். பட்டியல் திறந்தது.

என் முகத்தில் நானே காறித் துப்பலாம் போலிருந்தது.

"இன்னாணா, எதுனா வேணுமா?" புது ஆள் டீயோடு வாசலில் நின்றார்.

"ஒண்ணுமில்லபா. டீய மட்டும் மெஷின் பக்கம் வெக்காத" என்றேன்.

கேட்டில் லாரிக்காரன் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான்.