துப்பினது வெறும் தண்ணீர்

உலகச் சண்டைக் காலத்தில் ஒரு ஐப்பசியில் எனக்குக் கல்யாணம் ஆனது. பிறந்தது விழுப்புரம். அப்பாவுக்கு ரயில் ஷெட்டில் கரி அள்ளும் வேலை. வாழ வந்தது திண்டிவனம். என் வீட்டுக்காரர் மல்லாட்டை மிஷினில், அதாவது வேர்க்கடலை உடைக்கிற ஆலையில், மூட்டை தூக்கினார். வீட்டில் அவர், அவருடைய அம்மா, நான், அவ்வளவுதான்.

மார்கழி பிறந்ததும் மாமியார் விடியற்காலையில் சுக்குத் தண்ணி வைப்பார். சுக்கும் மல்லியும் மிளகும் தட்டிப் போட்டு, பனைவெல்லத்தைத் தாராளமாகக் கரைத்து, ஆவி பறக்க லோட்டாவில் ஊற்றித் தருவார். அந்தத் தெருவிலேயே அவர் கைச் சுக்குத் தண்ணிக்குப் பேர் உண்டு. எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. விறைத்துப்போன விரல்களால் லோட்டாவைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, ஆற்றி ஆற்றிக் குடிப்பேன்.

ஆனால் எனக்குக் கடைவாய்ப் பல் சொத்தை. கல்யாணத்துக்கு முன்பே ஒன்றைப் பிடுங்கியாகிவிட்டது. பிடுங்கிய கம்பவுண்டர், "கொதிக்கக் கொதிக்கக் குடிக்காதே. இனிப்பாக எது குடித்தாலும் தண்ணீர் விட்டு வாய் கொப்பளி. உடனே குச்சி போட்டுத் தேய்க்காதே. இல்லாவிட்டால் பக்கத்துப் பல்லும் போகும்" என்று சொல்லி அனுப்பினார். பிடுங்கிய வலி மறக்கவில்லை. அதனால் குடித்து முடித்ததும் பின்கட்டுக்குப் போய், வெதுவெதுப்பான தண்ணீரில் கொப்பளித்து வேலியோரம் துப்புவேன். ஒருவர் எதிரில் துப்ப எனக்குக் கூச்சம். புது மருமகள் வாயைத் திறந்து காட்டி, உங்கள் வெல்லம் என் பல்லுக்கு ஆகாது என்று எப்படிச் சொல்வது?

பக்கத்து வீட்டு அம்மாள் இதைப் பார்த்துவிட்டார். ஒருநாள் அவர் குரல் கேட்டது.

"யக்கா, நீ குடுக்கிறத்த ஒம் மருமவ வாயிலியே வெச்சிக்கினு வந்து துப்புறாளே, இன்னா சங்கதி?"

"துப்புறாளா? லோட்டா காலியாதான வருது!"

"மருந்து கிருந்து வெச்சிட்டியோன்னு பயமோ இன்னாமோ."

மருந்து வைப்பது என்றால் வைத்தியம் இல்லை. ஒருவரைக் கைக்குள் போட்டுக்கொள்ளவோ கெடுக்கவோ சோற்றில் எதையாவது கலந்து கொடுப்பது.

அன்று முதல் மாமியாரின் கண் என் தொண்டை மேலேயே இருந்தது. அந்தப் பேச்சு காதில் விழுந்ததிலிருந்து என் புத்தியும் கெட்டது. இன்றைக்கு ஏன் நிறம் கறுப்பு? ஏன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கலக்குகிறார்? வெல்லம் கூடப் போட்டது எதையாவது மறைக்கவா? ஒவ்வொரு வாயையும் நாக்கில் நிறுத்திப் பார்த்து விழுங்கினேன்.

பிறகு நான் காய்ச்சிய கேப்பைக் கூழை மாமியார் தொடவில்லை. மகனிடம் சொன்னார்: "மருந்து வெக்கத் தெரிஞ்சவளுக்குத்தான்டா அந்தப் பயம் வரும். இவ கையால பச்சத் தண்ணி கூட வாங்காத. பொங்கலுக்கு அவ அப்பன் வருவாரில்ல, கூடவே இட்டுக்கினு போவட்டும்."

வீட்டுக்காரர் கூழ்ப் பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பசியில்லை என்று சொல்லிவிட்டு மிஷினுக்குப் போய்விட்டார். வாழாவெட்டியாக விழுப்புரத்தில் ரயிலை விட்டு இறங்குவதை நினைத்து நினைத்து அழுதேன்.

மறுநாள் காலை மாமியார் சுக்குத் தண்ணி லோட்டாவை நீட்டி, "இங்கியே குந்து. என் கண்ணெதிர்ல குடி. எழுந்திருக்கப்படாது" என்றார்.

ஆற்றக்கூடப் பயம். கொதிக்கக் கொதிக்க மடக்கென்று விழுங்கினேன். பல்லில் ஆணி அடித்த மாதிரி வலி ஏறியது. தாடையைப் பிடித்துக்கொண்டு தரையில் சுருண்டேன்.

"ஐயோ, நான் ஒண்ணுமே போடலியே! டேய், ஓடியாடா! நெசமாவே ஒண்ணும் போடலடா!" மாமியார் போட்ட கூச்சலில் அவர் ஓடி வந்தார்.

பேச முடியாமல் வாயைத் திறந்து விரலால் காட்டினேன். மாமியார் என்னை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப்போய் மோவாயை நிமிர்த்தினார்.

"இங்க பாருடா, பாதிப் பல்லக் காணோம். கெணறு மாதிரி கீது."

அவரும் எட்டிப் பார்த்தார். பகல் வெளிச்சத்தில் என் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"கொப்பளிக்கத்தான் போனேன் அத்தே. துப்பினது வெறும் தண்ணி."

"இத்தச் சொல்றதுக்கு இன்னா?" என்ற மாமியார் கண்ணை இடுக்கினார். "பொண்ணு பாக்க வந்தப்போ நீ சிரிக்கவே இல்லியே. அதுக்குத்தானா?"

"வெக்கம் அத்தே."

"வெக்கமாம்!"

ஒரு கிராம்பு கொண்டுவந்து கொடுத்தார். முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கடித்தேன். மத்தியானம் நான் கரைத்த கூழை முதலில் என்னையே குடிக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தானும் குடித்தார். மகனுக்கும் ஊற்றினார்.

பொங்கலுக்கு அப்பா கரும்புக் கட்டோடு வந்தார். உட்காரக்கூட விடாமல் மாமியார் கேட்டார்: "இன்னும் இன்னா கொறை மறச்சி வெச்சிக்கிறீங்க அண்ணே? இப்பவே சொல்லிடுங்க."

அப்பா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். மாமியார் கரும்பை வெட்டி எல்லோருக்கும் கொடுத்தார். எனக்கும் ஒரு துண்டை நீட்டினார். பிறகு நினைத்துக்கொண்டவர் போல அதைத் திரும்ப எடுத்து மகன் கையில் வைத்தார். சாயங்கால வண்டியில் அப்பா தனியாகத்தான் போனார்.