பாராட்டத் தெரியாத டீச்சர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் கணவர் டீ குடித்ததற்காகப் பாராட்டப்பட்டார்.

பாராட்டியது எங்கள் மகள் கயல். இங்கிலாந்திலிருந்து, வீடியோ காலில். "அப்பா, ஒரு சொட்டுகூட சிந்தாம எவ்வளவு அழகா டீ குடிக்கிறீங்க... வெரி குட்."

மனுஷர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். ஒரத்தநாட்டில் காலமெல்லாம் விவசாயம் பார்க்கிறவர். உரக்கடைக்காரர் முதல் வார்டு மெம்பர் வேட்பாளர் வரை எத்தனை பேரைப் பார்த்திருப்பார்... காரியம் இல்லாமல் யாராவது ஒருவரைப் புகழ்வார்களா? மெதுவாக என் பக்கம் திரும்பி, "என்ன வேணுமாம் உன் பொண்ணுக்கு?" என்றார்.

அவளுக்கு வேண்டியது பாஸ் மார்க்.

கயல் அங்கே டீச்சர் டிரெய்னிங் படிக்கிறாள். நம்மூர் பி.எட். மாதிரிதான். படிப்பில் பாதி, நிஜமான பள்ளிக்கூடம் ஒன்றில் போய்ப் பாடம் நடத்துவது. அவளுக்குக் கிடைத்தது ஓர் ஆரம்பப் பள்ளி, ஏழு வயதுப் பிள்ளைகள். வகுப்பு மூலையில் மிஸஸ் வாட்சன் என்ற சீனியர் டீச்சர் உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனிப்பார். அவர் 'தேறினாள்' என்று எழுதிக் கொடுத்தால்தான் இவள் டீச்சர். இல்லாவிட்டால் ஒரு வருஷம் போச்சு. விசாவும் இழுபறி.

பாடம் நடத்துவதில் அவளுக்குக் கஷ்டமே இல்லை. கஷ்டம் வேறு இடத்தில். அங்கே பிள்ளைகளை நிமிஷத்துக்கு நிமிஷம் பாராட்ட வேண்டுமாம். கணக்கைச் சரியாகப் போட்டதற்கு இல்லைங்க - நாற்காலியில் உட்கார்ந்ததற்கு! 'எவ்வளவு அழகா உட்கார்ந்திருக்கே.' வரிசையில் நின்றால், 'பிரமாதமா நிக்கிறே.' மூக்கைச் சிந்திவிட்டு அந்த டிஷ்யூவைக் குப்பைத்தொட்டியிலும் போட்டுவிட்டால், கிட்டத்தட்ட ஜனாதிபதி விருதுதான்.

கயலுக்கு அது வரவில்லை. எப்படி வரும்? அவள் படித்த பள்ளியில் உச்சபட்சப் பாராட்டே, "பரவாயில்லையே, இந்தக் கழுதைகூட பாஸ் பண்ணிடுச்சே" என்பதுதான். அதுவும் வருஷத்துக்கு ஒருமுறை, ஹெட்மாஸ்டர் நல்ல மூடில் இருந்தால்.

சரி, வீட்டிலாவது? எங்கள் பக்கத்தில் பயிரைக்கூட யாரும் பாராட்டக் கூடாது. சம்பா கரும்பச்சையாக, பார்க்கிறவர் கண் குளிர நிற்கும். வரப்பில் போகிற யாராவது, "பயிர் தளதளன்னு நிக்குதே" என்று சொல்லிவிட்டால் போதும், என் கணவர் முகம் சுண்டிவிடும். "எங்கங்க... குலைநோய் வரும் போல இருக்கு" என்று வராத நோயை அவரே வரவழைப்பார். பயிருக்கே இப்படியென்றால் பெற்ற பிள்ளைக்கு? ப்ளஸ் டூவில் கயல் பள்ளியிலேயே முதலாவதாக வந்தபோது, "ஏதோ பாஸ் ஆயிருக்கா" என்றுதான் தெரு முழுக்கச் சொன்னோம். கண் பட்டுவிடக் கூடாதே என்ற முன்ஜாக்கிரதை. அவள் எதிரிலும் அதையேதான் சொன்னோம்.

இப்படி வளர்ந்தவளைக் கொண்டுபோய் இங்கிலாந்துப் பிள்ளைகள் முன்னால் நிறுத்தினால்?

ஆலிவர் என்று ஒரு பையன். ஒரு கதை எழுதிக் கொண்டுவந்து கயலிடம் நீட்டியிருக்கிறான். நன்றாகவே இருந்ததாம். மனசு நிறைந்துபோய், நம்மூர் வழக்கப்படி, "ஓகே. கையெழுத்தை மட்டும் சரி பண்ணு" என்றிருக்கிறாள்.

எங்கள் வீட்டில் இதற்கு மேல் யாரும் யாரையும் பாராட்டியது கிடையாது. அந்தப் பையனிடம் இதற்குக் கீழே யாரும் பேசியது கிடையாது. ஓவென்று அழுதிருக்கிறான். மறுநாள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று ஒரே அடம். அவன் அம்மா ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்க்க, ஹெட்மிஸ்ட்ரஸ் மிஸஸ் வாட்சனைப் பார்க்க, மிஸஸ் வாட்சன் இவளைப் பார்த்துப் புன்னகையோடு சொல்லிவிட்டார்: பாராட்டும் திறன் போதாது. கடைசிப் பாடத்திலும் இப்படியே இருந்தால் தேறுவது கஷ்டம்.

அதற்கு இரண்டு வாரம்தான் இருந்தது. போனில் அழுதாள்.

"பொய் சொல்ற மாதிரி இருக்கும்மா. வாயே வர மாட்டேங்குது."

ஆங்கிலம் வரவில்லை என்றால் கோச்சிங் வைக்கலாம். பாராட்டு வரவில்லை என்றால் எங்கே போய்ச் சேர்ப்பது? தஞ்சாவூரில் அதற்கு டியூஷன் சென்டர் உண்டா?

ஆகவே நாங்களே மாணவர்கள் ஆனோம். தினமும் வீடியோ காலில் எங்கள் இருவரையும் பாராட்டிப் பழகுவது என்று அவளும் நானும் ஏற்பாடு செய்துகொண்டோம்; அவரிடம் சொல்ல மறந்துபோனேன். அங்கே நோட்டுத் திருத்த ஒரு முறை இருக்கிறதாம் - 'ரெண்டு ஸ்டார், ஒரு விஷ்'. முதலில் இரண்டு நல்ல விஷயத்தைச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் ஒரே ஒரு குறை, அதுவும் ஆசைப்படுகிற மாதிரி. நம்மூரில் குறைகளுக்குப் பஞ்சமில்லை, ஸ்டார்தான் ஆகாயத்தோடு சரி.

அந்த டீதான் முதல் ஸ்டார். அடுத்தது எனக்கு. "அம்மா, வெங்காயத்தை எல்லாம் ஒரே அளவா நறுக்கியிருக்கே" என்றாள். இத்தனை வருஷமாக இந்த வீட்டுச் சாம்பாரில் வெங்காயம் இருப்பதை முதன்முறையாக ஒருவர் கவனித்திருக்கிறார். பயிற்சிக்காகச் சொல்கிறாள் என்று தெரியும். தெரிந்தும் கூச்சமாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேனே, பிடித்தும் இருந்தது. மறுநாள் கொஞ்சம் கவனமாகவே நறுக்கினேன்.

என் கணவரோ, விஷயம் தெரிந்த பிறகு, தினமும் கால் வருவதற்கு முன்பே டீயோடு நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

கடைசிப் பாடம் வந்தது. மூலையில் மிஸஸ் வாட்சன், கையில் பேனா. ஆலிவர் இன்னொரு கதை எழுதியிருந்தான். பஸ் ஓட்டும் நாய் ஒன்றின் கதை. கயல் படித்தாள். போலீஸ்காரர் லைசென்ஸ் கேட்க, நாய் இறங்கி வந்து வாலை ஆட்டும் இடத்தில் தன்னை மறந்து சத்தமாகச் சிரித்துவிட்டாள். அந்த இடத்தைத் தொட்டுக் காட்டி, இது எப்படி உனக்குத் தோன்றியது, எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை என்றிருக்கிறாள்.

பையன் சந்தேகமாகப் பார்த்தானாம். நிஜமாகவா மிஸ், சும்மா சொல்லவில்லையே?

பாவம்... உட்கார்ந்தாலும் நின்றாலும் பிரமாதம் என்று கேட்டு வளர்ந்த பிள்ளை. எதை நம்புவான்?

சும்மா சொல்ல எனக்கு வராது என்றாளாம் கயல். அவ்வளவுதான். பையன் தன் இடத்துக்கு ஓடிப்போய், யாரும் சொல்லாமலே நாயின் அடுத்த ட்ரிப்பை எழுத ஆரம்பித்துவிட்டான். மூலையில் பேனா ஓடும் சத்தம் கேட்டதாம்.

அன்றைக்குச் சாயங்காலம் கால் வந்தது. "பாஸ் ஆயிட்டேன்." என் கணவர் போனை வாங்கினார், "சரி, சாப்டியா?" என்றார், என் கையில் கொடுத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வயலுக்குப் போய்விட்டார். தண்ணீர் பாய்ச்ச வேண்டுமாம். காலையில்தான் பாய்ச்சியிருந்தார்.

"நீயாவது ஏதாவது சொல்லேம்மா" என்றாள்.

வாரா வாரம் பத்திரிகையில் இத்தனை பேருக்குப் பத்தி எழுதுகிறவள் நான். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"தெரியாத ஊர்ல தனியா நின்னு ஜெயிச்சிருக்கே. அழுத புள்ளையை எழுத வச்சிருக்கே. உன்னை நெனச்சா ரொம்பப் பெருமையா இருக்கு கயல்."

விஷ் எதுவும் தோன்றவில்லை. அந்தப் பக்கம் கயல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம், ரகசியம் மாதிரிக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அம்மா... பெத்தவ கண்ணுதான் பொல்லாத கண்ணும்பாங்க. எதுக்கும் சுத்திப் போட்டுடேன்."

என்ன செய்ய? போனைக் கொல்லைப்பக்கச் சுவரில் சாய்த்து வைத்தேன். பிடி உப்பும் மிளகாயும் எடுத்து, திரையில் தெரிந்த முகத்தைச் சுற்றி, எரிந்துகொண்டிருந்த வெந்நீர் அடுப்பில் போட்டேன். கண் படவில்லை என்றால் மிளகாய் நெடி ஊரையே தும்ம வைக்கும், பட்டிருந்தால் நெடியே வராது என்பார்கள்.

நம்பினால் நம்புங்கள்... ஒரு தும்மல்கூட வரவில்லை.