தாழ்ப்பாளும் தலைக்கணக்கும்

சின்னக் கந்தோர்களுக்கு, அதாவது அலுவலகங்களுக்கு, பாதுகாப்புத் திட்டம் எழுதுவது என் தொழில்: நெருப்பு வந்தால் எந்தக் கதவால் ஓடுவது, வெளியே எங்கே நிற்பது, யார் ஆட்களை எண்ணுவது. இதே வேலையில் மாய்கிறவர்களே, இருட்டின பிறகு ஈரச் செருப்புச் சத்தம் உங்கள் பின்கதவடியில் வந்து நின்றிருக்கிறதா? எனக்கு இது மூன்றாம் இரவு. என் வீட்டுக்காரர் கட்டாரில் வேலை. வீட்டில் நானும் ஏழு மாதப் பிள்ளையும் மட்டும்தான்.

ஏழாவது தொப்பி

பேசாலையில் ஒரு ஐஸ் கொம்பனிக் கந்தோர். வேலை செய்பவர்கள் ஆறு பேர். ஒத்திகைக்கு மணியடித்தேன், எல்லோரும் வேப்பமரத்தடிக்கு வந்தார்கள். கிளார்க் மெற்றில்டா அக்கா எண்ணினா, ஏழு. நான் எண்ணினேன், ஆறுதான்.

"மற்றது அருளப்பு," என்றா. அங்கே காவலுக்கு இருந்தவராம். ஒரு லீவு நாளில் மச்சானின் வள்ளத்தில் கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. உடல் கரைக்கு வரும்வரை அந்தக் கந்தோரில் பெயரை வெட்டமாட்டார்களாம்.

"வெட்டினா அவருக்கு வாற வழி தெரியாமப் போயிடும், மிஸ். அவருக்கும் ஒரு பாதுகாப்புத் தொப்பி வாங்கச் சொல்லி எழுதுங்கோ."

திறந்த கதவு

அவருக்காகவே பின்கதவை இரவிலும் திறந்து விட்டிருந்தார்கள். பக்கத்திலேயே அமோனியாச் சிலிண்டர்கள். யாராவது புகுந்து வால்வைத் திருகினால் தெருவே மூச்சுத் திணறும். நான் எழுதினேன்: 'வேலை முடிந்ததும் பின்கதவுக்கு உள்தாழ்ப்பாள் போடவும். போடுமுன் உள்ளே இருப்பவர்களை எண்ணவும்.'

அக்கா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு தாழ்ப்பாளை இழுத்தா. பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தா.

"சரி மிஸ். அவர் வந்து கேட்டா, உங்கட வீட்டைக் காட்டிவிடுறன்."

ஃபோனில்

அன்றிரவுதான் முதற்சத்தம். நெருப்பென்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட வசதியாக நான் பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை. சாத்தி மட்டும் வைப்பேன். காலையில் படியில் ஈரம். வாயில் வைத்துப் பார்த்தேன், உப்பு. இன்று பின்னேரம் அக்காவுக்கு ஃபோன் எடுத்தேன், வீட்டைக் காட்டிவிடுறன் என்றது பகிடிதானே, விளையாட்டுத்தானே என்று கேட்க.

"நான் அவருக்கு ஒண்டும் சொல்லேல்லை, மிஸ். ஆனா ஒவ்வொரு இரவும் பின்கதவடியில கேக்கிற செருப்புச் சத்தம், இந்த ரெண்டு இரவும் எங்கட பக்கம் இல்லையாம்."

என் வீட்டுக் கதவு

இப்போதும் கேட்டது. கொன்வென்ர் பள்ளிக்கூடத்தில் படித்த செபம் பாதியில் நின்றுபோனது. எழுந்து போனேன். சாத்தி வைத்த கதவு ஒரு விரலளவு திறந்திருந்தது. படியில் யாருமில்லை. கதவை அடித்துச் சாத்தித் தாழ்ப்பாளை இழுத்துப் போட்டேன்.

போடுமுன் உள்ளே இருப்பவர்களை எண்ண வேண்டும் என்று ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்தவளுக்கு, போட்ட பிறகுதான் அது ஞாபகம் வந்தது.